சம்பவம் நடந்த ஊருக்கு எப்போ போகலாம்? இலங்கை மலைநாடு, காஷ்மீர், வயநாடு

அல்சூர்_ஏரிக்கரை

பெங்களூர்க்காரங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. ஏப்ரல் லீவுக்கு குடும்பத்தோட இலங்கை போகலாம்னு யோசனை. கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, அப்புறம் காலி வழியா திரும்ப கொழும்பு. நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு, மாமனார், மாமியார். ஃப்ளைட் ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் அல்சூர்லேர்ந்து எலக்ட்ரானிக் சிட்டி போறதுக்கே அவ்வளவு ஆகுது.

வீட்ல ஒரே ரகளை. 2025 நவம்பர்ல திட்வா புயல் வந்தப்போ டிவில காட்டின மண்சரிவை மாமனார் இன்னும் மறக்கல. "அறுநூறு பேருக்கு மேல செத்த இடத்துக்கு பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறியா"ன்னு தினமும் காபி நேரத்துல ஆரம்பிச்சிடறார். சரி, காஷ்மீர்னு சொன்னேன். பஹல்காம்ங்கிறார். வயநாடு? நிலச்சரிவு. இப்படியே போனா மைசூர் ஜூதான் மிச்சம்.

ஒரு ஊர்ல பெரிய சம்பவம் நடந்தா எவ்வளவு நாள் கழிச்சுப் போகலாம்? நீங்கல்லாம் எதை வச்சு முடிவு பண்றீங்க?

கேஆர்புரம்_ராஜா

அடுத்த மாசமே போகணும் குரு. கூட்டம் கிடையாது, ரூம் பாதி விலை. வயநாட்டுல சரிவு வந்தது 2024 ஜூலை 30. நான் ஆகஸ்ட் கடைசில பைக்கை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். குண்டல்பேட் தாண்டினா ரோடு மொத்தமும் நமக்குத்தான். சுல்தான் பத்தேரில தங்கின ஹோம்ஸ்டேல எங்களைத் தவிர ஆளே இல்ல.

சும்மா_ஒருத்தன்

யானை இருந்திருக்குமே.

மல்லேஸ்வரம்_மீனா

ராஜா, அந்த நேரத்துல கேரளா போலீஸே "வேடிக்கை பார்க்க வராதீங்க, மீட்பு வேலைக்கு இடைஞ்சல்"னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க. பாதி விலைக்கு ரூம் கிடைச்சதைப் பெருமையா வேற சொல்றீங்க.

கேஆர்புரம்_ராஜா

அக்கா, போலீஸ் சொன்னது முண்டக்கை, சூரல்மலை பக்கம் போகாதேன்னு. ரெண்டும் மேப்பாடி பஞ்சாயத்துல இருக்கு. பத்தேரிலேர்ந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல. நான் அந்தப் பக்கம் தலைகூட காட்டல. ஹோம்ஸ்டே ஓனர் சொன்னதைக் கேளுங்க. அவர் வீட்டு முற்றத்துல ஒரு சாக்கு மண்கூட நகரல, ஆனா ஓணம் வரைக்கும் வந்திருந்த புக்கிங் எல்லாம் ஒரே ராத்திரில போச்சாம். ஃபோன் பண்ணின ஒருத்தர்கூட "உங்க வீடு எந்தப் பக்கம்"னு கேக்கலையாம்.

கணக்கு_வாத்தியார்

"எத்தனை நாள்" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. இலங்கையையே பார்ப்போம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களோடு கொழும்பின் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்களிலும் குண்டு. 250 பேருக்கு மேல் பலி. பயணிகள் தங்கும் இடத்தையே குறிவைத்த தாக்குதல், எனவே பயத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த மே மாதம் வந்தவர்கள் முந்தைய மே மாதத்தைவிட சுமார் 70 சதவீதம் குறைவு. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், முந்தைய டிசம்பரோடு இருந்த இடைவெளி 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. எட்டே மாதம்.

2022-ல் குண்டு எதுவும் வெடிக்கவில்லை. பெட்ரோல் இல்லை, மணிக்கணக்கில் மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு. ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்த காட்சியை உலகமே பார்த்தது. அந்த ஆண்டு முழுவதும் வந்தவர்கள் 7.2 லட்சம். 2018-ல் வந்தவர்கள் 23.3 லட்சம். 2024-ல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டினார்கள். நடுவில் கொரோனாவும் இருப்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் என் எண்ணம் இது: ஒரே நாளில் நடந்து முடிந்த பயங்கரத்தை ஜனங்கள் சீக்கிரம் மறக்கிறார்கள். "நடுவழியில் வண்டிக்கு எண்ணெய் கிடைக்குமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கிடைக்குமா" என்கிற சில்லறைச் சந்தேகம்தான் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்கிறது.

நேபாளம் முதல் வகை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். 2014-ல் 7.9 லட்சம் பயணிகள், 2015-ல் 5.4 லட்சம், 2017-ல் 9.4 லட்சம். அன்றிருந்த 75 மாவட்டங்களில் மிக மோசமாக அடிபட்டவை 14. போக்ராவில் பெரிய சேதம் இல்லை, ஆனாலும் ஏரிக்கரை ஹோட்டல்கள் காலியாகக் கிடந்தன.

சும்மா_ஒருத்தன்

வாத்தியாரே, மாமனாருக்கு இதைப் படிச்சுக் காட்டினா தூங்கிடுவார். அதுவும் ஒரு வழிதான்.

மல்லேஸ்வரம்_மீனா

வெளியூரை விடுங்க, நம்ம ஊரைப் பாருங்க. 2024 மார்ச் 1-ம் தேதி மத்தியானம் ப்ரூக்ஃபீல்ட் ராமேஸ்வரம் கஃபேல குண்டு வெடிச்சது. 9-ம் தேதி கடையைத் திறந்துட்டாங்க. மெட்டல் டிடெக்டர், பை செக்கிங், அதுக்கப்புறம் அதே நெய் தோசை, அதே க்யூ. என் ஆபீஸ்ல அந்த வாரமே ரெண்டு பேர் போய் ஃபோட்டோ போட்டாங்க. பெங்களூர்ல யாராவது "இனிமே ஒயிட்ஃபீல்ட் பக்கமே வேணாம்"னு சொன்னாங்களா? இந்திராநகர்ல இருக்கற கிளைக்கு போறதை நிறுத்தினாங்களா?

ஆனா சென்னைல இருக்கற என் சித்தி அன்னிக்கு ராத்திரி ஃபோன் பண்ணி "ஒரு வாரம் வீட்டை விட்டு வெளிய போகாதே"ன்னாங்க. அவங்களுக்கு பெங்களூர்னா ஒரே புள்ளி. எனக்கு மல்லேஸ்வரம் 8-வது கிராஸ் வேற, ப்ரூக்ஃபீல்ட் வேற, நடுவுல ரெண்டு மணி நேர டிராஃபிக். காஷ்மீர் விஷயத்துல நாம எல்லாரும் என் சித்திதான். ஊர் தெரியலைன்னா பயம் மேப் முழுக்கப் பரவிடுது.

பயணச்சீட்டு

வணக்கம். ஜெயநகரில் சின்ன டிராவல்ஸ் நடத்துகிறேன், இருபது வருடத்துக்கு மேலாக. மீனா மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு.

பஹல்காம் தாக்குதல் 2025 ஏப்ரல் 22. பைசரன் புல்வெளியில் 26 பேர். அவர்களில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர், பயணிகளைக் காப்பாற்றப் போய் இறந்தவர். எங்களுக்கு அது சீசன் உச்சம். மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் ஃபோன். குல்மார்க் பார்ட்டி, சோன்மார்க் பார்ட்டி, ஸ்ரீநகரில் படகு வீடு மட்டும் எடுத்தவர், எல்லாரும் ஒரே வார்த்தை: "காஷ்மீர் கேன்சல்." அப்போது அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அரசாங்கமே 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ மூடியது. மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை வந்து ஸ்ரீநகர் ஏர்போர்ட்டே சில நாள் மூடிக் கிடந்தது. அந்த நேரத்தில் யாரையும் போகச் சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை.

நான் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. ஜூனிலிருந்து ஒவ்வொரு இடமாகத் திறந்தார்கள். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓட ஆரம்பித்ததும் அதே ஜூனில்தான். மூடிய செய்தி எல்லாருக்கும் தெரியும். திறந்த செய்தியை நான் ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. நம்பவும் மாட்டார்கள். "உங்களுக்கு வியாபாரம் ஆகணும், அப்படித்தான் சொல்வீங்க" என்பார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இன்னொன்று. அதே வருடம் நவம்பர் 10 டெல்லியில் செங்கோட்டை பக்கம் கார் வெடித்தது. செங்கோட்டையை ஒரு வாரத்துக்குள் திறந்துவிட்டார்கள். எங்கள் கடையில் டெல்லி–ஆக்ரா–ஜெய்ப்பூர் பேக்கேஜ் ஒன்றுகூட ரத்தாகவில்லை. டெல்லியில் எல்லாருக்கும் ஒரு மச்சினன் இருக்கிறார், அவரிடம் ஃபோனில் கேட்டுக்கொள்கிறார்கள். காஷ்மீரில் குப்வாராவில் யாருக்கு மச்சினன் இருக்கிறார்?

ரத்து செய்யச் சொல்லி ஃபோன் பண்ணுகிறவர் பெரும்பாலும் பயணம் போகிறவர் கிடையாது. திருச்சியில், கோலாரில் இருக்கும் அம்மா. டிவி பார்க்கிறவர்.

அல்சூர்_ஏரிக்கரை

இங்க அம்மாவுக்குப் பதில் மாமனார். அதுவும் கூடவே வரப்போற மாமனார்!

சிவாஜிநகர்_பிரியாணி

எல்லாரும் குண்டு, மழைன்னு பேசறீங்க. என் கணக்கு வேற. ஈஸ்டர் சம்பவம் முடிஞ்சு மூணே வாரத்துல குருநாகல், மினுவங்கொட பக்கம் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடிச்சாங்க. நாங்க அந்த வருஷம் போறதா இருந்து விட்டுட்டோம். எங்களுக்கு பயம் வெடிகுண்டு மேல இல்ல. ரிசப்ஷன்ல பாஸ்போர்ட்டைத் திறந்து பேரைப் படிச்சதும் முகம் மாறுதே, அது. செக்போஸ்ட்ல குடும்பத்தோட இறக்கி நிறுத்துவாங்களோன்னு நினைப்பு. "ராணுவம் நிறைய இருக்கு, அதனால பாதுகாப்பு"ன்னு யாராவது சொல்லும்போது எனக்கு அதே வரி வேற மாதிரி கேக்கும்.

2024-ல போனோம். கொழும்பு புறக்கோட்டைல நல்ல கொத்து, கண்டில தமிழ் பேசற ஆட்டோக்காரர், ஒரு குறையும் இல்ல. ஆனா அதை எந்த அரசாங்க அறிவிப்பும் முன்கூட்டிச் சொல்லாது. எங்க ஆளு ஒருத்தர் போய்ட்டு வந்து சொன்னாதான் உண்டு.

மல்லேஸ்வரம்_மீனா

இதை யாராவது சொல்லுவாங்களான்னு பார்த்துட்டு இருந்தேன். தனியா போற பொம்பளைக்கும் அப்படித்தான் பாய். அரசாங்கம் "சகஜ நிலை திரும்பிடுச்சு"ன்னு சொல்லிடும். எனக்கு வேண்டியது ராத்திரி ஏழு மணிக்கு மேல பஸ் ஓடுதா, தெரு விளக்கு எரியுதா, பக்கத்து ரூம்ல ஆள் தங்கியிருக்காங்களா. கூட்டம் இல்லாத ஊரை ராஜா சொர்க்கம்ங்கிறார். முப்பது ரூம் ஹோட்டல்ல நான் மட்டும் தங்கறது எனக்கு சொர்க்கம் கிடையாது. ஊர் மீண்டு வர்ற சமயத்துல பொம்பளைங்க கடைசியாப் போறதுக்குக் காரணம் பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல.

தேயிலைக்காரி

நான் இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கத்துப் புள்ள. இப்ப ஒயிட்ஃபீல்ட்ல வேலை. ஏரிக்கரை அண்ணா, உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லிடுறேன், அப்புறம் கொஞ்சம் வேற கதை.

மலைநாட்டுல மண்சரிவு அபாயம் மழையையும் சரிவையும் பொறுத்தது. போன நவம்பர்ல நடந்ததை வச்சு ஏப்ரலைக் கணக்குப் போட முடியாது. நுவரெலியாவுல ஏப்ரல்தான் சீசன். பூக்காட்சி, குதிரைப் பந்தயம்னு கொழும்பு ஆளுங்களே மேல ஏறி வந்துருவாங்க. காலையில வெயில், மத்தியானத்துக்கு மேல இடியோட மழை வரும். அதனால மலை ரோட்டு ஓட்டத்தைக் காலையிலயே முடிச்சிருங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகம் (உங்க ஊர் தாலுகா மாதிரி) வாரியா மண்சரிவு எச்சரிக்கை விடுவாங்க. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. டிவியை விட்டுட்டு மாமாவை இதைப் பார்க்கச் சொல்லுங்க. சிவப்புன்னா போகக்கூடாது, அவ்வளவுதான். மேல்மலை ரயில் பாதை திட்வாவுல நல்லா அடிவாங்கிருச்சு. அதனால ரயிலை நம்பி பிளான் போடாதீங்க. எந்தெந்தத் துண்டு ஓடுதுன்னு கிளம்புற வாரம் பாருங்க, இல்லாட்டி வேன்.

இப்ப கதை. எங்க சித்தப்பா நுவரெலியாவுக்கு இறங்குற நானுஓயா ஸ்டேஷன்ல வேன் ஓட்டுறார். கண்டியிலேர்ந்து ரயில் வர்ற நேரத்துக்கு பிளாட்ஃபார கேட் பக்கத்துல நிப்பார். கையில ஒரு அட்டை, அதுல ஸ்கெட்ச் பேனாவால "நுவரெலியா, எல்ல, ஹோர்ட்டன்"னு இங்கிலீஷ்ல எழுதி பிளாஸ்டிக் சுத்தியிருப்பார். வேன் லீசிங்ல எடுத்தது. ரயில் நின்னுச்சுன்னா ஆளு இல்ல, ஆளு இல்லாட்டியும் லீசிங்காரன் மாசம் பொறந்தா ஃபோன் பண்ணிருவான். 2019-ல ஒருக்கா, கொரோனாவுல ஒருக்கா, 2022-ல ஒருக்கா, இப்ப ஒருக்கா. 2022-ல வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனி எரிபொருள் பாஸ் குடுத்தாங்க. சித்தப்பா பெட்ரோல் செட்ல வரிசையில நின்னுட்டு இருப்பார். வெள்ளைக்காரன் அவனுக்கு ஒரு குறையும் இல்லாம சுத்திட்டு, ஊருக்குப் போய் "இலங்கை நிலவரம் மோசம்"னு எழுதுவான். மோசம்தான். யாருக்கு?

மண்சரிவுல போனவங்க சரிவுக்குக் கீழ வீடும் லயனும் (தோட்டத்து வரிசை வீடு) வச்சிருந்த சனங்க. ஹோட்டல்ல தங்கறவங்க இருக்கற இடம் வேற. டிவில ஒண்ணாத்தான் தெரியும்.

அல்சூர்_ஏரிக்கரை

தேயிலைக்காரி, ரொம்ப நன்றிம்மா. ஆனா ஒண்ணு மனசுல உறுத்துது, கேட்டுடறேன். அங்க உள்ளவங்க பொழப்பு நடக்கணும்னு நான் பசங்களைக் கூட்டிட்டு வரணுமா? மச்சினன் வாட்ஸாப்புல "போய் உதவி பண்ணுங்க"ன்னு ஃபார்வர்ட் போடறான். அவன் மட்டும் துபாய் போறான்.

தேயிலைக்காரி

தர்மத்துக்கு யாரும் வர வேணாம் அண்ணா. நல்லா இருக்குன்னு தோணினா வாங்க. வந்தா தமிழ்ல பேசுற டிரைவரா பார்த்துக்குங்க, சாப்பாடு பெரிய ஹோட்டல்லயே மூணு வேளையும் எடுக்காம ரோட்டோரக் கடையில ஒரு பிளேன்டீ, ரொட்டி சாப்பிடுங்க. பயம்னா வராதீங்க, அதுக்காக யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. "இலங்கையே முடிஞ்சு போச்சு"ன்னு மட்டும் நாலு பேருக்குச் சொல்லாதீங்க. உங்க ஒரு குடும்பம் வராட்டி ஒரு ரூம்தான் காலி. அந்தப் பேச்சு பரவினா தெருவே காலி.

கணக்கு_வாத்தியார்

ஒரு பழைய ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள். கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் கணக்கிட்டதில், அடுத்த ஒரு வருடத்தில் சாலை விபத்தில் வழக்கத்தைவிட சுமார் 1,500 பேர் அதிகமாக இறந்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்துச் சாவு 1.68 லட்சம். இலங்கை வேண்டாம் என்று ராத்திரி பத்து மணிக்குக் காரெடுத்து ஓசூர் வழியாக ஊருக்குப் போகிற குடும்பத்தை யாரும் "ஜாக்கிரதை" என்றுகூட எச்சரிப்பதில்லை.

சும்மா_ஒருத்தன்

சில்க் போர்டு டிராஃபிக்ல அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல யாரு சார் சாகப்போறாங்க.

மல்லேஸ்வரம்_மீனா

வாத்தியார் சார், புள்ளிவிவரம் சரி. ஆனா கார்ல ஸ்டியரிங் என் கைல இருக்குன்னு ஒரு நினைப்பு. மண்சரிவுல என் கைல எதுவும் இல்ல. அந்த வித்தியாசத்தை எண்ணிக்கையால அழிக்க முடியாது. பெரியவங்களை முட்டாளாக்காதீங்க.

கணக்கு_வாத்தியார்

முட்டாள் என்று சொல்லவில்லை அம்மா. நானும் குடும்பத்தோடு ராத்திரியில்தான் ஊருக்குப் போகிறேன்.

பயணச்சீட்டு

பணத்தைப் பற்றி யாரும் பேசாததால் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு பயம் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே இருக்கும் கேள்வி "கட்டின காசு போயிடுமா" என்பது. அதைத் தீர்த்துவிட்டால் பயம் தானாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் எல்லாம் திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம். "எனக்கு பயமாக இருக்கிறது, போகவில்லை" என்பதற்கு சாதாரண பாலிசி பைசா தராது. சம்பவம் செய்தியில் வந்த பிறகு எடுத்த பாலிசி அந்தச் சம்பவத்துக்கு உதவாது. தீவிரவாதம் பல பாலிசிகளில் விலக்கு, அல்லது தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். பாலிசித் தாளில் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள், என்னைப் போன்றவன் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். பஹல்காம் சமயத்தில் விமானக் கம்பெனிகள் ஸ்ரீநகருக்கு ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. அது அவர்களாகச் செய்தது, ஒவ்வொரு முறையும் நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஹோட்டல்காரர்கள் பணம் தரவில்லை, தேதி மாற்றிக் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு ஆன்லைன் புக்கிங் கம்பெனியில் மாட்டின பணம் வர ஏழெட்டு மாதம் ஆனது.

அல்சூர் சார், உங்களுக்கு என் யோசனை: கொழும்பு, காலி ரூம்களை இப்போதே போடுங்கள். கண்டி, நுவரெலியா, எல்ல மூன்றையும் கடைசி நிமிடம் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலையில் எடுங்கள். கொஞ்சம் அதிகம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் மலையை விட்டுக் கடலோரமே சுற்றிவிட்டு வரலாம்.

கேஆர்புரம்_ராஜா

சார் கடை அட்ரஸ் போடுங்க, லடாக் பத்தி பேசணும்.

நெறியாளர்

இங்கே வியாபார முகவரி, ஃபோன் நம்பர் வேண்டாம். தனிச் செய்தியில் கேட்டுக்கொள்ளவும். திட்வா நேரத்து மண்சரிவு வீடியோ இணைப்புகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். இறந்தவர்கள் தெரிகிறார்கள்.

சிவாஜிநகர்_பிரியாணி

நல்ல வேலை பண்ணீங்க. அந்த வீடியோல ஒண்ணு இலங்கையே கிடையாது, பல வருஷத்துக்கு முன்னாடி வேற நாட்டுல எடுத்தது. எங்க குரூப்லயும் சுத்துச்சு.

அல்சூர்_ஏரிக்கரை

முடிவு சொல்லிடறேன். மீனா அக்கா கதையை மாமனார்கிட்ட சொன்னேன். "சென்னைக்காரங்களுக்கு பெங்களூர் பத்தி என்ன தெரியும்"னு சிரிச்சார். அப்படியே இலங்கை மேப்பை எடுத்து முன்னாடி வச்சேன். எந்தெந்த மாவட்டம்னு அவரே விரல் வச்சுப் பார்த்தார். கண்டியில புத்தர் பல் இருக்கற தலதா மாளிகை பார்க்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசையாம், இப்போதான் வாயைத் திறக்கறார். பயணச்சீட்டு சார் சொன்ன மாதிரியே ரூம் போட்டாச்சு. எல்ல மட்டும் இன்னும் பேச்சு வார்த்தைல இருக்கு. தேயிலைக்காரி, சித்தப்பா நம்பரைத் தனிச் செய்தில அனுப்பும்மா.

தேயிலைக்காரி

அனுப்பிட்டேன் அண்ணா. காலையில ஆறரைக்கே கிளம்பணும்னு சொல்லுவார், கோவிச்சுக்காதீங்க.

கேஆர்புரம்_ராஜா

மாமாவை அப்படியே திரும்பி வந்து வயநாட்டுக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க.

அல்சூர்_ஏரிக்கரை

கேட்டேன். வரமாட்டாராம். யானை.